சிமெண்ட் 28லிருந்து 18 ஆன வாரம்: பிரைவேட் போட்டும் மறையாத என் பில் கோடு

செப்டம்பர் 24, புதன்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும், ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடமிருந்து போன். "தம்பி, பழைய பில்லு ஒரு கணக்குச் சொல்லுது, இப்ப அடிச்ச பில்லு ஒரு கணக்குச் சொல்லுது. கொத்தனாரு முன்னால நிக்காரு. யாருக்கு நான் பதில் சொல்ல?" இரண்டையும் அடித்தது நான் எழுதிக் கொடுத்த ஒரே புரோகிராம்தான். அதனால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

நடந்தது இதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியது. அன்று காலையே கடைப் பையன் பொருள்களின் விவரம் வைக்கும் மாஸ்டர் விண்டோவைத் திறந்து சிமெண்டுக்கு நேராக இருந்த 28ஐ அழித்து 18 போட்டுவிட்டான். புது பில்கள் எல்லாம் சரியாகவே வந்தன. இந்தக் கொத்தனார் 15ஆம் தேதி 40 மூட்டை எடுத்தவர், வேலை முடிந்து 6 மூட்டை மிச்சம், திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். வரிக்கு முந்தைய விலை மூட்டை 300 ரூபாய், அன்றைய வரியோடு 384. ஆறு மூட்டைக்கு 2,304 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் (திரும்பிய சரக்குக்கான வரவுச் சீட்டு) வர வேண்டும். வந்தது 2,124. சந்தேகப்பட்டு 15ஆம் தேதி பில்லையே ரீபிரிண்ட் எடுத்துப் பார்த்தால், 15,360 என்று அடித்துக் கொடுத்த பில் இப்போது 14,160 என்று வருகிறது. அதே பில் நம்பர், அதே தேதி, தொகை மட்டும் வேறு.

பழைய பில்லுக்குப் பழைய வரிதான். சரக்கு எப்போது திரும்பி வந்தாலும் மூல பில்லில் போட்ட விகிதத்தில்தான் கிரெடிட் நோட் போட வேண்டும். அதைவிடப் பெரிய பயம், அக்டோபர் 11க்குள் ஆடிட்டர் செப்டம்பர் மாத விற்பனை அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-1ஐத் தாக்கல் செய்யணும். அதற்கான விவரத்தை எடுத்துக் கொடுக்கும் எக்ஸ்போர்ட்டும் இதே புரோகிராம் கோடுதான். செப்டம்பர் 1 முதல் 21 வரை விற்ற சிமெண்ட் மொத்தமும் 18 என்று போயிருக்கும்.

அன்றைக்கு அண்ணாச்சியிடம் கிரெடிட் நோட்டைக் கையால் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை உட்கார்ந்தேன்.

புரோகிராமின் கோடு 2016இல் எழுதியது. ஜாவா மொழியின் 8ஆம் பதிப்பு, அதன் ஸ்விங் விண்டோக்கள், ஒவ்வொரு பில்லும் ஒரு ஜேசன் ஃபைல் (பெயரும் மதிப்புமாகத் தரவை எழுதிவைக்கும் உரை ஃபைல்). 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது இரண்டு ராத்திரி கண்விழித்து பழைய வாட் வரியை எடுத்துவிட்டு ஜிஎஸ்டியைச் சொருகினேன். கிளாஸ் (தரவையும் அதைக் கையாளும் வேலைகளையும் சேர்த்துக் கட்டிய அலகு), மெத்தட் (அந்த வேலைகளில் ஒன்று) பெயர்களை இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். ஜாவா தமிழ் எழுத்துப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும், ஆனால் என் உண்மையான கோடில் ஆங்கிலப் பெயர்கள்தான். தமிழில் வைத்திருந்தால் பில்லில் இருக்கும் வரியும் வரி, அரசாங்கத்துக்குக் கட்டும் வரியும் வரி என்று பைத்தியம் பிடித்திருக்கும். ஆகவே பில்லின் ஒரு வரியை "உருப்படி" என்று வைத்துக்கொள்வோம்.

பில் என்று ஒரு கிளாஸ், அதற்குள் உருப்படிகளின் லிஸ்ட். ஒவ்வோர் உருப்படியிலும் எண்ணிக்கை, விலை, எந்தப் பொருள் என்ற குறிப்பு. வரிவிகிதம் பொருள் கிளாஸில் மட்டும். இதில் எனக்கே சிரிப்பு வந்த விஷயம், எல்லா ஃபீல்டும் (கிளாஸ் வைத்திருக்கும் தரவு) ஒழுங்காக பிரைவேட், அதாவது அந்த கிளாஸைத் தவிர வேறு யாரும் நேராகத் தொட முடியாது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. காலேஜில் சொல்லிக்கொடுத்தபடி எல்லாவற்றையும் பிரைவேட் ஆக்கிவிட்டு, கோடு எழுதும் எக்லிப்ஸில் ரைட் கிளிக் செய்து கெட்டர் (மதிப்பைப் படித்துக் கொடுப்பது), செட்டர் (மதிப்பை மாற்றுவது) எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் உற்பத்தி செய்திருக்கிறேன். வாசலில் கதவைப் போட்டு, அதில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டையும் போட்ட மாதிரி. பில்லில் வரி எவ்வளவு என்று தெரிய வேண்டிய ஒவ்வோர் இடமும் இப்படி இருந்தது:

உருப்படி.பொருள்().வரிவிகிதம்()

பிரிண்ட் எடுக்கும் கிளாஸ் இதைக் கேட்டு, தானே பெருக்கி, தானே இரண்டாகப் பிரித்து சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு, மாநில அரசின் பங்கு) என்று எழுதுகிறது. சரக்கு திரும்பி வந்தால் திறக்கும் ரிட்டர்ன் விண்டோவும் இதையே கேட்டுத் தானே பெருக்குகிறது. எக்ஸ்போர்ட்டும் அப்படியே. விற்ற அன்றைக்கு என்ன விகிதம் என்பதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, எல்லாரும் இன்றைய மாஸ்டரைப் போய்ப் பார்க்கிறார்கள். யோசித்தால் இந்த ஓட்டை இப்போது வந்ததே இல்லை. 2018 ஜூலை 27 அன்று பெயிண்ட் 28லிருந்து 18க்கு இறங்கியபோதும் இதே தவறு நடந்திருக்கும். பழைய பெயிண்ட் பில்லை யாரும் ரீபிரிண்ட் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, எங்கெங்கே இந்தக் கெட்டரைக் கூப்பிடுகிறார்கள் என்று தேடி ஒவ்வொன்றாகத் திருத்தலாம். நான் அப்படிச் செய்யவில்லை. தேடலில் ஒன்று நழுவும், நழுவினது என்றைக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. வரிவிகிதம்() என்ற மெத்தடை பப்ளிக்கிலிருந்து (யாரும் கூப்பிடலாம்) பிரைவேட்டாக மாற்றி சேவ் கொடுத்தேன். 17 இடத்தில் பிழை என்று சிவப்பு. இந்தச் சிவப்புதான் எனக்கு வேண்டிய பட்டியல், கோடைச் சரிபார்த்து ஓடும் வடிவமாக மாற்றும் கம்பைலரே எழுதிக் கொடுத்தது. பிரைவேட் என்ற சொல் யாரையோ தடுப்பதற்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது எனக்கு டார்ச் லைட்டாகத்தான் பயன்பட்டது.

பதினேழையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இவனுக்கு உண்மையில் என்ன வேண்டும்?" என்று குறித்தேன். விகிதம் வேண்டும் என்று கேட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு விகிதம் தேவையே இல்லை. பிரிண்டருக்கு வேண்டியது இந்த உருப்படிக்கு எத்தனை ரூபாய் வரி என்பது. ரிட்டர்ன் விண்டோவுக்கு வேண்டியது "இதில் 6 மூட்டை திரும்பினால் எவ்வளவு" என்ற ஒரே தொகை. விகிதம் என்ற எண்ணே வேண்டியது இரண்டு பேருக்குத்தான், விகிதவாரியாகக் கூட்டும் ஜிஎஸ்டிஆர் எக்ஸ்போர்ட்டுக்கும், பில்லில் 9% + 9% என்று அச்சிடும் அந்த ஒரு கட்டத்துக்கும். அந்த இருவருக்கும்கூட வேண்டியது உருப்படியின் விகிதம், பொருளின் விகிதம் இல்லை.

அதனால் உருப்படி கிளாஸுக்குள் விகிதத்தை ஃபைனல் ஃபீல்டாக வைத்தேன். உருப்படி பிறக்கும்போதே பில் தேதிக்கு என்ன விகிதமோ அது உள்ளே பதிந்துவிடும், பிறகு மாற்ற வழியே கிடையாது, செட்டர் இல்லை. வெளியே தெரிவது வரித்தொகை(), திரும்பினால்(எண்ணிக்கை), விகிதம்(), மொத்தம் என்று நாலைந்து மெத்தட். பெருக்குவது, பைசாவை ரவுண்ட் செய்வது, இரண்டாகப் பிரிக்கும்போது ஒற்றைப் பைசா மிஞ்சினால் யாருக்குக் கொடுப்பது எல்லாம் பிரைவேட் மெத்தட்கள். இந்த ஒற்றைப் பைசா விவகாரத்தை முன்பு பிரிண்ட் ஒரு விதமாகவும் எக்ஸ்போர்ட் வேறு விதமாகவும் செய்துகொண்டிருந்தன என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. ஆடிட்டர் மாதாமாதம் "சில பைசா இடிக்குதே சார்" என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு அர்த்தமும் புரிந்தது.

கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் 1972இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு, தகவல் மறைப்பு என்ற பேச்சு பரவியதே பெரும்பாலும் அதிலிருந்துதான். தலைப்புகளில் உள்ள சொற்களைச் சுழற்றி அகரவரிசைப் பட்டியல் தயாரிக்கும் ஒரு சின்ன புரோகிராம், அதை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டுவார். முதல் விதம் வேலையின் படிகளை வைத்து: உள்ளீடு, சுழற்று, அடுக்கு, அச்சிடு. இரண்டாவது, மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள் (புரோகிராமின் தனித் துண்டு) ஒளித்துவைப்பது. முதல் விதத்தில் எழுத்து வரிகளை மெமரியில் வைக்கும் விதத்தை மாற்றினால் எல்லா மாட்யூலையும் திறக்க வேண்டும். என் பில்லிங் அப்படியே முதல் விதம். பில் போடு, பிரிண்ட் எடு, ரிட்டர்ன் வாங்கு, எக்ஸ்போர்ட் செய் என்று நான்கு படி, நான்குக்கும் வரி எங்கே இருக்கிறது என்ற ரகசியம் தெரியும். அதில் பிரைவேட் எத்தனை இடத்தில் இருந்தால் என்ன?

அப்புறம் பழைய பில்கள். ஜேசன் ஃபைல்களில் விகிதம் இல்லை, ஆனால் நல்லவேளையாக அன்று கணக்கிட்ட மொத்தத் தொகை சேமிக்கப்பட்டிருந்தது. ஆகவே ஒரு சின்ன ஸ்கிரிப்ட்: பொருள்வாரியாக "இந்தத் தேதியிலிருந்து இந்த விகிதம்" என்று ஒரு அட்டவணை, ஒவ்வொரு பழைய பில்லையும் திறந்து, தேதிக்கேற்ற விகிதத்தைப் போட்டுக் கூட்டிப் பார், சேமித்த மொத்தத்தோடு ஒத்துப்போனால் விகிதத்தை ஃபைலில் எழுது, போகாவிட்டால் தனியே எடுத்து வை. வீட்டு லேப்டாப்பில் ஓட்டினேன். முதல் ஃபைலிலேயே விழுந்தது.

இன்ஆக்சஸிபிள் ஆப்ஜெக்ட் எக்செப்ஷன். ஜாவாவின் தேதி கிளாஸான லோக்கல்டேட்டின் பிரைவேட் ஃபீல்டான "இயர்" என்பதைத் திறக்க முடியாது, ஜாவா.பேஸ் மாட்யூல் ஜாவா.டைம் பேக்கேஜை (கிளாஸ்களின் தொகுப்பு) திறந்துவிடவில்லை என்று நீளமாக ஒரு புகார். கடை கம்ப்யூட்டரில் இன்னும் ஜாவா 8, என் லேப்டாப்பில் 17. பில் தேதியை லோக்கல்டேட்டாக வைத்திருந்தேன், ஜேசனாக மாற்ற ஜிசான் லைப்ரரி. ஜிசானுக்கு ஒரு கிளாஸைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லாவிட்டால், அது ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போதே கிளாஸின் உள்ளமைப்பைப் பார்க்கும் வசதி) வழியாக உள்ளே புகுந்து பிரைவேட் ஃபீல்டுகளைப் படித்து எழுதிவிடும். ஜாவா 8இல் யாரும் தடுக்கவில்லை. ஜாவா 9 மாட்யூல்களைக் கொண்டுவந்து எச்சரிக்க ஆரம்பித்தது, 2021 மார்ச்சில் வந்த 16 இயல்பாகவே மறுத்தது, அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 17 மொத்தமாகத் தளர்த்தும் அந்தப் பழைய ஆப்ஷனையும் எடுத்துவிட்டது. என் சொந்த கிளாஸ்களின் பிரைவேட்டுக்குள் ஜிசான் இன்னமும் தாராளமாகப் புகுகிறது, ஏனென்றால் அவை பெயரிட்ட எந்த மாட்யூலிலும் இல்லை. ஜாவாவின் சொந்த வீட்டுக்குள்தான் நுழைய முடியாது.

பழைய ஃபைலைத் திறந்து பார்த்தேன். தேதி இருக்க வேண்டிய இடத்தில் இயர் 2016, மந்த் 8, டே 12 என்று மூன்று எண்கள். அதாவது ஜாவா எழுதியவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பிரைவேட் ஃபீல்டுகளின் பெயர்கள், ஒன்பது வருடமாக அண்ணாச்சி கடையின் ஃபைல் வடிவமாக இருந்திருக்கின்றன. அவர்கள் நாளைக்கு அந்த மூன்று ஃபீல்டையும் ஒரே எண்ணாக மாற்றினால் அது அவர்கள் உரிமை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, பிரைவேட்தானே. இத்தனை நாள் நான் என் கோடில் அடுத்தவன் உள்ளே பார்க்கிறான் என்று புலம்பிக்கொண்டு, நானே அடுத்த வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறேன்.

அன்றைய ஸ்கிரிப்ட் ஓட, ஜாவா.டைம் பேக்கேஜை மட்டும் திறந்துவிடும் ஆட்-ஓபன்ஸ் ஆப்ஷனைக் கமாண்ட் லைனில் கொடுத்தேன், ஓடியது. அதோடு விடவில்லை. லோக்கல்டேட்டுக்கு என்று ஒரு டைப் அடாப்டர் எழுதி, எழுதும்போது "2025-09-15" என்று எழுத்துச் சரமாக எழுது, படிக்கும்போது சரம் வந்தாலும் சரி, அந்தப் பழைய மூன்று எண் வந்தாலும் சரி ஏற்றுக்கொள் என்று வைத்தேன். முப்பது வரிக்குள் முடிந்தது. ஆட்-ஓபன்ஸை எடுத்துவிட்டேன். அதை விட்டுவைத்தால் யாராவது ஒருநாள் புரோகிராமைத் தொடங்கும் பேட்ச் ஃபைலை மாற்றி எழுதும்போது விட்டுவிடுவார்கள், அந்த யாராவது நானாகத்தான் இருப்பேன்.

ஸ்கிரிப்ட் முடிந்ததும் தனியே ஒதுக்கிய ஃபோல்டரைப் பார்த்தால் 11 பில்கள். எந்த விகிதத்தைப் போட்டாலும் சேமித்த மொத்தத்தோடு சேரவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. பெயிண்டா, வேறு வரி மாற்றமா என்று ஒரு மணி நேரம் தப்பான பக்கம் தேடிவிட்டு, கடைசியில் ஒரு பில்லைக் கையால் கூட்டினேன். சேமித்த மொத்தத்தில் ஒரு பிவிசி பைப் அதிகமாக இருந்தது, உருப்படிகளில் அந்தப் பைப் இல்லை. மொத்தத்திலிருந்து கழியாமல் லிஸ்டிலிருந்து மட்டும் யாரோ எடுத்திருக்கிறார்கள்.

அந்த யாரோ, பில் திருத்த விண்டோ. பில் கிளாஸில் நீக்கு() என்று முறையாக ஒரு மெத்தட் இருக்கிறது, லிஸ்டிலிருந்து எடுத்து மொத்தத்தையும் குறைக்கும். ஆனால் உருப்படிகள்() என்ற கெட்டர் உள்ளே இருக்கும் அதே அரேலிஸ்டைத் தூக்கி வெளியே கொடுக்கிறது. 2019இல் அவசரத்தில் எழுதிய திருத்த விண்டோ அதை வாங்கி நேராக ரிமூவ் செய்துவிட்டது. சேமிக்கும் முன் வேறு ஏதாவது திருத்தினால் மொத்தம் மறுபடி கணக்கிடப்பட்டுத் தப்பித்துவிடும். ஒரே ஒரு பொருளை நீக்கிவிட்டு உடனே சேவ் கொடுத்தால் மட்டும் இடிக்கும். அதனால்தான் 11 மட்டும்.

கணக்கு நோட்டை யாராவது பார்க்கக் கேட்டால் அசலையே கையில் கொடுப்பதா, ஜெராக்ஸ் கொடுப்பதா, கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்று பார்க்கச் சொல்வதா என்று மூன்று வழி. நான் அசலைக் கொடுத்திருந்தேன். புது அரேலிஸ்டாக நகலெடுத்துக் கொடுத்தால் ஜெராக்ஸ், அன்றைய நிலவரம் மட்டும் தெரியும், அதில் கிறுக்கினால் அசலுக்கு ஒன்றும் ஆகாது. கிறுக்குபவருக்குத் தான் கிறுக்கியது வீண் என்றும் தெரியாது, அதுதான் ஆபத்து. அன்மாடிஃபையபிள்லிஸ்ட் கண்ணாடி, அசல் மாறினால் மாறியதும் தெரியும், கை வைத்தால் எக்செப்ஷன் விழும். ஆனால் அது ஓடும்போதுதான் விழும், கடையில் கூட்டம் நிற்கும் நேரத்தில். எனக்கு இப்போதே, கம்பைல் ஆகும்போதே வேண்டும். அதனால் ஒரு தற்காலிகத் தந்திரம்: உருப்படிகள்() லிஸ்டுக்குப் பதில் ஸ்ட்ரீம் (ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்க மட்டும் கிடைப்பது) தரும்படி மாற்றினேன். ஸ்ட்ரீமில் ரிமூவ், ஆட், சார்ட் செய்து உள்ளே வைப்பது எதற்கும் வழி கிடையாது. மறுபடி சிவப்பு. பெரும்பாலானவை சும்மா சுற்றிப் படிப்பவை, மூன்று இடம் மட்டும் கை வைப்பவை. திருத்த விண்டோ ஒன்று. இன்னொன்று டிஸ்கவுண்ட். மூன்றாவது, நம்ப மாட்டீர்கள், பிரிண்ட்: அச்சில் அழகாக வர வேண்டும் என்று அசல் லிஸ்டையே அகரவரிசையில் அடுக்கிவிட்டிருந்தது! பிரிண்ட் எடுத்தபின் பில்லைத் திறந்தால் பொருள்களின் வரிசை மாறியிருக்கிறது என்று அண்ணாச்சி எப்போதோ சொன்னதை நான் "கண்ணு சரியாப் பாக்கல" என்று ஒதுக்கியிருந்தேன்.

மூன்றையும் சரிசெய்தபின் கெட்டரைக் கண்ணாடி லிஸ்டாக மாற்றிவைத்தேன். உள்ளே இருக்கும் உருப்படிகளையே யாராவது மாற்றினால் இந்தக் கண்ணாடி தடுக்காது, ஆனால் உருப்படிக்கு இப்போது செட்டரே இல்லை என்பதால் அந்தக் கவலை இல்லை. விகிதத்துக்காகச் செய்தது இங்கே வந்து உதவியது.

கடைசியாக பேக்கேஜ். வரி அட்டவணை கிளாஸை பில், உருப்படி தவிர வேறு யாரும் தொடக்கூடாது. ஜாவாவில் பப்ளிக், பிரைவேட் எதுவும் எழுதாமல் விட்டால் அதே பேக்கேஜுக்குள் மட்டும் தெரியும், எனக்குச் சரியான அளவு அதுதான். சிக்கல் என்னவென்றால் மொத்த புரோகிராமும், விண்டோ உட்பட, ஒரே பேக்கேஜில் கிடந்தது, அந்த "அளவு" ஊரே உட்காரும் பந்தல். புரொடெக்டட் என்று போட்டிருந்த இரண்டு மெத்தடும் அதே கதி. அந்த கிளாஸிலிருந்து கிளைக்கும் சப்கிளாஸுக்கு மட்டும் என்று நினைத்துப் போட்டிருந்தேன், ஜாவாவில் புரொடெக்டட் அதே பேக்கேஜில் உள்ள எல்லாருக்கும் திறந்ததுதான். பில், உருப்படி, வரி அட்டவணை மூன்றையும் தனி பேக்கேஜுக்கு நகர்த்தி, அட்டவணை கிளாஸின் தலையில் இருந்த பப்ளிக்கை எடுத்தேன். இப்போது விண்டோ கோடில் அந்த கிளாஸின் பெயரை எழுதினாலே கம்பைல் ஆகாது. டெஸ்டுகளை அதே பேக்கேஜ் பெயரில் டெஸ்ட் ஃபோல்டருக்குள் வைத்ததால், சோதிப்பதற்காக எதையும் பப்ளிக் ஆக்க வேண்டியிருக்கவில்லை.

பைத்தான் மொழியில் எழுதும் நண்பன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நாங்க பேருக்கு முன்னால ஒரு அண்டர்ஸ்கோர் போட்டுட்டு நம்பிக்கையில ஓட்டுறோம்" என்றான். இரண்டு அண்டர்ஸ்கோர் போட்டாலும் அங்கே பெயருக்கு முன்னால் கிளாஸ் பெயர் ஒட்டிக்கொள்ளுமே தவிர, தேடி வந்தவனைத் தடுக்காது. பல பேர் சேர்ந்து பழகிய டீமில் அது போதும்தான். என் டீம் 2016இன் நான், 2019இன் நான், இப்போதைய நான். இந்த மூன்று பேருக்குள்ளும் நம்பிக்கை கொஞ்சம் குறைவு.

திங்கட்கிழமை கடையில் ஜாவா 17 போட்டு, புரோகிராமின் புது ஜார் ஃபைலை வைத்து, 15ஆம் தேதி பில்லை ரீபிரிண்ட் எடுத்தோம். 15,360. ஆறு மூட்டைக்குக் கிரெடிட் நோட் 2,304. கையால் எழுதிய சீட்டை அண்ணாச்சி கிழித்துப் போட்டுவிட்டு அச்சிட்டதைக் கோப்பில் வைத்தார். அந்த 11 பில்களில் வாங்கியவர் பெயர் இருந்த ஏழு பில்களை மட்டும் ஆடிட்டரிடம் கொடுத்தேன், மற்ற நான்கும் ரொக்க பில்.

பாக்கி ஒன்று இருக்கிறது. பொருள் கிளாஸில் விலையை மாற்றும் செட்டர் இன்னும் பப்ளிக்காகவே நிற்கிறது, பார்கோடு லேபிள் அடிக்கும் தனி புரோகிராம் அதைப் பயன்படுத்துகிறது. எதற்கு லேபிள் அடிப்பவனுக்கு விலையை மாற்றும் உரிமை என்று அந்தக் கோடைத் திறந்து பார்த்தேன். "தற்காலிகம்" என்று கமெண்ட் எழுதியிருக்கிறேன், தேதி 2017 ஜூலை 2.